அம்மாவின் பழைய கணுக்கால்

கொழிஞ்சாம்பாறை
14 ஜனவரி 2025, செவ்வாய்

அன்புள்ள மோனிஷாவுக்கு,

நடந்ததை விடாமலும் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுவேன் என்று உனக்குக் கொடுத்த வாக்கின்படி இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவேன். பயந்தால் பயந்தேன் என்று எழுதுவேன். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரின் அறைக்கு வெளியே நாம் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது உன் அம்மா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "போன்ல என்னத்தையும் சொல்லலாம் தாயி. காயிதத்துல எழுதும்போது பொய் வராது." உங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் சிக்னலும் கிடைக்காது என்பதால் எனக்கும் இதுவே வசதி.

உன் அம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் ஒரே முடக்குவாதம், கெட்டுப்போனதும் ஒரே இடது கணுக்கால். என் அம்மாவுக்கு முதலில் ஆபரேஷன் தேதி கிடைத்தது. அவர் நடப்பதைப் பார்த்துத்தான் உன் அம்மா சம்மதிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார் என்பதால், பரீட்சைத்தாளை விடக் கவனமாக இதை எழுதுகிறேன்.

ஏழாம் தேதி காலை எட்டரைக்கு அம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. கணுக்காலின் முன்பக்கம் கீறி, தேய்ந்துபோன எலும்பு முனைகளை அறுத்தெடுத்து, மேலே ஓர் உலோகத் துண்டும் கீழே ஓர் உலோகத் துண்டும் நடுவில் வழவழப்பான பிளாஸ்டிக்கும் வைக்கிறார்கள். டாக்டர் மேசையில் இருந்த மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கோழிமுட்டை அளவுதான். கணுக்காலை அசையாமல் ஒட்டிவிட்டால் என்ன என்று கேட்டேன். "ஒட்டலாம். அப்போது நடையின் பாரம் பக்கத்து மூட்டுகளுக்குப் போகும். உன் அம்மாவுக்கு அவையும் நோய்ப்பட்டவை" என்றார்.

முதல் இரண்டு நாள் வலி கடுமை. அம்மா அழவில்லை. தலையணை உறையைக் கடித்தார். மூன்றாம் நாள் கஞ்சி குடித்தார். ஆறு வாரத்துக்குக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. அதன் பிறகு ஊன்றியே ஆக வேண்டும், இல்லையென்றால் புது மூட்டும் இறுகிவிடும்.

நேற்று வீட்டுக்கு வந்தோம். கிளம்பும்போது அத்தா நர்சிடம், அறுத்த எலும்பைக் கொடுங்கள் என்று கேட்டார். எங்கள் வழக்கத்தில், உயிரோடு இருப்பவரின் உடம்பிலிருந்து எடுத்ததைக்கூடக் குப்பைக்கு விடமாட்டோம், மண்ணில் அடக்கம் செய்வோம். எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு வெள்ளை டப்பாவில் கொடுத்தார்கள். நசீம் மாமாவின் வேனில் அது என் மடியில் இருந்தது. மூடியில் அம்மாவின் பெயரும் வயதும். வேலந்தாவளம் தாண்டி ரோடு மோசமான இடத்தில் வண்டி குலுங்கியபோது டப்பாவுக்குள் அம்மா உருண்டார். இப்படி எழுதுவது சரியா என்று தெரியவில்லை. எனக்கு அப்படித்தான் தோன்றியது.

அஸர் தொழுகைக்குப் பிறகு அத்தாவும் நசீம் மாமாவும் கபர்ஸ்தானின், அதாவது எங்கள் இடுகாட்டின், வேலியோரம் முழங்கை ஆழத்துக்குத் தோண்டி வைத்துவிட்டு வந்தார்கள். அடக்கம் என்றால் பள்ளிவாசல் ஏட்டில் பதிய வேண்டும் என்று புதிய மோதினார் ஜாஸிம் சொன்னாராம். அத்தா அம்மாவின் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

அம்மா கட்டிலில் இருந்தபடி கேட்டார்: "ஏனுங்க, நல்லா மூடுனீங்களா?"

"மூடிட்டேன்."

"எந்தப் பக்கம் பார்த்து வெச்சீங்க?"

"எலும்புக்கு ஏது மூஞ்சி?" என்று அத்தா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

உன் தோழி,
ஷஹ்லா


மாட்டுப்பட்டி
20 ஜனவரி 2025

அன்புள்ள ஷஹ்லா,

கடிதம் எஸ்டேட் ஆபீஸ் வழியாக வந்தது. உன் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. என்னுடையதைப் பார்த்துச் சிரிக்காதே, விரல் விறைத்துப்போய் எழுதுகிறேன். நான்கு நாளாக இங்கே புல்லெல்லாம் உறைபனி. அம்மாவுக்குக் காலையில் கைவிரல் மடங்கியபடியே இருக்கும். வெந்நீரில் வைத்து ஒவ்வொன்றாக நான் பிரித்துவிட வேண்டும்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். தலையணை உறையைக் கடித்த இடத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். பிறகு டப்பா. "அதை மடியிலயா வச்சிருந்தா அந்தப் புள்ள? துணிச்சக்காரிதான்" என்றாள். அப்பா தன் பங்குக்கு, "உன் எலும்பைக் குடுத்தா நான் டேமுல போட்டுருவேன், மீனாவது திங்கும்" என்றார். அம்மா அவர் மேல் சீப்பை எறிந்தாள்.

நிலைமை இதுதான். மார்ச் முதல் அம்மாவுக்குப் பிள்ளைக்காப்பகத்தில் வேலை தருவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். மலையேறிக் கொழுந்து பறிக்க வேண்டாம், நிற்கவும் நடக்கவும் முடிந்தால் போதும். ஆபரேஷன் செய்துகொண்டால் கால் தேறும்வரை இடத்தை வைத்திருப்பார்களாம். முடியாது என்றால் பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் போனால் இந்த லயத்து வீடும் போகும். ஆஸ்பத்திரியில் பிப்ரவரி 25 தேதி தந்திருக்கிறார்கள். படிவத்தில் அம்மா இன்னும் ஒப்புப் போடவில்லை. தகரப்பெட்டிக்கு அடியில் கிடக்கிறது.

அவளுடைய கேள்விகள்: மயக்கம் தெளிந்ததும் உன் அம்மா முதலில் என்ன கேட்டார்? தையல் எத்தனை? பிறகு, "காலுக்குள்ள இரும்பு இருந்தா மாட்டுப்பட்டிக் குளிருல அது ஐசாப் போயிராதா?" இதைக் கண்டிப்பாகக் கேட்கச் சொன்னாள்.

மோனிஷா


கொழிஞ்சாம்பாறை
26 ஜனவரி 2025, ஞாயிறு

அன்புள்ள மோனிஷா,

முதலில் பதில்கள். மயக்கம் தெளிந்ததும் அம்மா கேட்டது, "மணி என்னாச்சு? ஷஹ்லா சாப்ட்டாளா?" தையல் பதினெட்டு. 21ஆம் தேதி பிரித்தார்கள். புண் நன்றாக ஆறியிருக்கிறது, சீழ் இல்லை. உலோகம் உடம்பின் சூட்டைத்தான் எடுத்துக்கொள்ளும், தனியாகக் குளிராது என்றார் டாக்டர். இவை எல்லாம் நல்ல செய்திகள். இதோடு தாளை மடித்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வாக்கு கொடுத்திருப்பதால் மற்றதையும் எழுதுகிறேன்.

17ஆம் தேதி வெள்ளிக்கிழமை. அந்த வாரம் அடக்கமானவர்களின் பெயரைச் சொல்லி ஜும்ஆவுக்குப் பின் துஆ கேட்பது எங்கள் பள்ளிவாசலின் வழக்கம். தொழுகை நடத்தும் கத்தீபு மலப்புறத்துக்காரர், வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஏட்டில் இருப்பதை வாசிப்பார். அன்று எனக்குக் காய்ச்சல் என்பதால் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மாவின் கால் இரண்டு தலையணை மேல் இருந்தது. நான் பாடம் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் மூன்று பெயர்கள் வந்தன. மூன்றாவது: "மம்மது வீட்டு ரஸியா." என் அம்மாவின் பெயர்.

அவருடைய பாவங்களை மன்னிப்பாயாக, அவருடைய கபரை விசாலமாக்குவாயாக என்று கேட்டார்கள். ஊரே ஆமீன் சொன்னது. அந்தக் கூட்டத்தில் அத்தாவும் இருந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் அவரும் ஆமீன் சொல்லியிருக்கிறார்.

சிறிது நேரத்தில் பக்கத்து வீட்டு மருதாத்தாள் அக்கா மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஐயோ எங்க்கா, ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டீங்களே..." வாசல்படி ஏறியவர் அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "ஏனுங்க்கா, உக்காந்துட்டு இருக்கறீங்க?"

"உள்ள வா மருதாத்தா. செத்தவ எந்திரிச்சுக் காப்பி வெக்க முடியாது, நீயே வெச்சுக் குடி" என்றார் அம்மா.

அக்கா சிரித்துச் சிரித்து அழுதார். அம்மாவும் சிரித்தார். ஆனால் காலில் போட்டிருந்த கட்டை அவருடைய கை இறுகப் பிடித்திருந்ததைப் பார்த்தேன்.

மறுநாள் சனிக்கிழமை, மாலை 4:40. அத்தா கடையில். நான் முன்னறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சமையலறையில் அம்மா நடந்தார். அம்மாவின் நடை எங்கள் தெருவுக்கே தெரியும். வலது கால் ஊன்றும், இடது கால் இழுபடும். டப், சர்ர். டப், சர்ர். ஊன்றக் கூடாது என்று சொன்னார்களே என்று பதறி ஓடினேன். சமையலறையில் யாரும் இல்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பின்கதவு தாழிட்டிருந்தது. படுக்கை அறைக்கு வந்தேன். அம்மா கட்டிலில், தலையணை மேல் கால் வைத்தபடி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கும் கேக்குதா?" என்றார்.

"கேக்குதுங்கம்மா."

"நேத்து பேரு வாசிச்சாங்க. இன்னைக்கு நடக்குது."

அன்றிலிருந்து தினமும் நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவே கேட்கிறது. இது காற்றுக்காலம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பனைமட்டையைப் பிய்த்து ஓட்டின் மேல் எறியும், தகரத்தை இழுக்கும், கதவைத் தட்டும். அதையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். ஆனால் காற்று நொண்டி நடந்து நான் கேட்டதில்லை. அத்தாவிடம் சொன்னபோது அவர் சமையலறையில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து, "எலி" என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

அம்மா இப்போது சொல்வது இதுதான்: "நான் காலை ஊன்ற மாட்டேன். என் காலு அங்க நடந்துட்டு இருக்குது. ஒரே காலை ரெண்டு எடத்துல எப்படி ஊன்றது?"

எனக்குப் பயமாக இருக்கிறது.

ஷஹ்லா


மாட்டுப்பட்டி
2 பிப்ரவரி 2025

ஷஹ்லா,

நான் உன்னிடம் கேட்டது தையல், சீழ், வலி, எத்தனை நாளில் நடை. நீ பேய்க்கதை அனுப்பியிருக்கிறாய். உன்னுடைய நூலகப் புத்தகங்கள் எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன என்று நினைக்கிறேன்.

தையல் பதினெட்டு, புண் ஆறியது, இரும்பு குளிராது. இவ்வளவுதான் அம்மாவுக்கு வாசித்தேன். மருதாத்தாள் அக்கா வந்ததைக்கூடச் சொல்லவில்லை, சொன்னால் ஏன் வந்தார் என்று கேட்பாள். மூன்றாவது தாளை என் நோட்டுக்குள் வைத்துவிட்டேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதை இப்படி என் வசதிக்குப் பயன்படுத்தியது இதுவே முதல் முறை. உன்னால்தான்.

நேற்று அடுப்படியிலிருந்து கதவுக்கு வர அவளுக்கு நான் நாற்பது எண்ணும் நேரம் ஆனது. தேதிக்கு இருபத்துமூன்று நாள் இருக்கிறது. உன் வீட்டில் எது நடந்தாலும் நடக்கட்டும். இனி எழுதினால் அம்மாவுக்கு வாசிக்கக்கூடியதை மட்டும் எழுது.

மோனிஷா


கொழிஞ்சாம்பாறை
8 பிப்ரவரி 2025

மோனிஷா,

நீ எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாய். என் பெயரில், என் கையெழுத்தில் வந்த தாளில் பாதியை மறைத்தால் அது நான் சொன்ன பொய்யாகிறது. என் அம்மா நடக்கவில்லை. நடப்பார் என்று நம்பி உன் அம்மா படுத்து, பிறகு அவருக்கும் இப்படி ஆனால் நான் என்ன செய்வேன்? எனக்கும் நூலகப் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை. அங்கே இருப்பவை பெரும்பாலும் கோழி வளர்ப்புப் புத்தகங்கள்.

நடந்தவை. அம்மா அத்தாவை உலுக்கி எடுத்துவிட்டார். "நீங்க குடுத்த பேரை நீங்களே போயி வெட்டிட்டு வாங்க. பொண்டாட்டி கபருக்கு ஆமீன் சொன்ன மகராசன் நீங்க ஒருத்தருதான்." வெட்கத்தில் மூன்று வாரம் தள்ளிப்போட்ட அத்தா, வியாழக்கிழமை போனார். ஜாஸிம் மோதினார் பெயரை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்: "கணுக்கால் எலும்பு மட்டும். ஆள் உயிரோடு உண்டு." நேற்று ஜும்ஆ முடிந்ததும் மைக்கில் திருத்தமும் சொன்னார்கள். கடைவீதியில் எல்லோரும் அத்தாவுக்குக் கைகொடுத்தார்களாம்.

இத்தோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். நேற்று 4:35க்கு டப், சர்ர்.

இன்று ஒரு சோதனை செய்தேன். கடையிலிருந்து கோதுமை மாவு எடுத்து வந்து, சமையலறைக் காவித் தரையில் சல்லடையால் மெல்லத் தூவிவிட்டு, ஜன்னலையும் இரண்டு கதவுகளையும் அடைத்தேன். சத்தம் நின்ற பிறகு திறந்தேன். மாவில் ஒரே ஒரு கோடு. பாத்திரம் கழுவும் தொட்டி அருகே தொடங்கி முன்னறைக் கதவு வரை, நான்கு விரல் அகலத்தில், விட்டுவிட்டு. டப் என்ற சத்தம் கேட்டும் மறுகாலின் தடம் எங்குமே இல்லை. அடக்கம் செய்தது ஒரு காலைத்தானே.

அம்மா பார்ப்பதற்குள் கூட்டிப் பெருக்கிவிட்டேன். பிறகு அதை மறைத்தது தவறு என்று தோன்றி அவரிடம் சொன்னேன். "தெரியும் கண்ணு" என்றார். அவ்வளவுதான்.

இதை நீ வாசிக்கலாம், வாசிக்காமலும் விடலாம். நான் எழுதிவிட்டேன்.

ஷஹ்லா


மாட்டுப்பட்டி
13 பிப்ரவரி 2025

அன்புள்ள ஷஹ்லா,

நான் மாட்டிக்கொண்டேன். உன் போன கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்று யோசித்தபடி நின்றேன். அம்மா வாசல் கட்டையில் வெயிலுக்குக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, போன தடவை மூணு தாள் வந்துச்சு. நீ ரெண்டு தாளுக்குத்தான் வாயசைச்ச. மூணாவதை எங்கன வச்சிருக்க?"

"இல்லம்மா, அது வெறுந்தாளு..."

"எனக்கு எழுத்துதான் தெரியாது. எண்ணத் தெரியாதா? எடு."

எடுத்தேன். எல்லாவற்றையும் வாசித்தேன். துஆ, மருதாத்தாள் அக்கா, சத்தம், மாவில் கோடு.  அவள் முகத்தில் பயம் வரும், படிவத்தைக் கிழித்துப்போடுவாள் என்று காத்திருந்தேன். அம்மா வெகுநேரம் தன் கணுக்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். மலையில் மேகம் இறங்கி எதிர் லயம் மறைந்துவிட்டது. பிறகு கேட்டாள்:

"அது வலியோட நடக்குதா, வலி இல்லாம நடக்குதா? அதைக் கேட்டு எழுதச் சொல்லு."

"என்னம்மா கேக்க?"

"காலு போற சத்தத்துல வலி தெரியும்ட்டி. உனக்குத் தெரியாது. அந்த ரஸியாவுக்குத் தெரியும். அவுக கேட்டுச் சொல்லட்டும். நான் அதுக்குப் பொறவு ஒப்புப் போடுதேன்."

ஏன் இதைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. இருபத்திரண்டுக்குள் பதில் வர வேண்டும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பு. எழுதாதே என்று சொன்னதற்கு என் மேல் கோபம் இருந்தால் அதை மார்ச்சில் வைத்துக்கொள்.

மோனிஷா


கொழிஞ்சாம்பாறை
19 பிப்ரவரி 2025, புதன்

அன்புள்ள மோனிஷா,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. இன்றே பதில் எழுதுகிறேன்.

நேற்றோடு ஆறு வாரம் முடிந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். புது மூட்டு சரியாகப் பொருந்தியிருக்கிறது. வாக்கரைப் பிடித்து நில்லுங்கள் என்று டாக்டர் மூன்று முறை சொன்னார். அம்மா நாற்காலியின் கையை விடவில்லை. "இப்படியே விட்டால் செய்ததெல்லாம் வீண், மூட்டு இறுகிவிடும்" என்றார் டாக்டர். 

இன்று உன் கடிதத்தை முழுதாக அம்மாவுக்கு வாசித்தேன். "எண்ணத் தெரியாதா" என்ற இடத்தில், "கெட்டிக்காரி" என்றார். கேள்வி வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்க பேரென்ன?"

"ராமுத்தாய்."

"ராமுத்தாய்க்குத்தான் கேக்கத் தோணுச்சு பாரு. நான் ஒரு மாசமா பயந்துட்டே படுத்திருக்கறேன். கட்டிலை முன்னறைப் பக்கமாத் தள்ளு. சமையக்கட்டுக் கதவைத் திறந்து வை. கேப்போம்."

மருதாத்தாள் அக்காவும் நானும் கட்டிலை நகர்த்தினோம். அக்கா அதற்கு மேல் நிற்க முடியாது, மாடு கறக்க வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார். மணி 4:38க்குத் தொட்டி அருகே தொடங்கியது. வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்திருந்தது. அந்த வெயிலின் குறுக்கே எதுவும் போகவில்லை, ஆனால் சத்தம் போனது. டப், சர்ர். டப், சர்ர். நான் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், டாக்டர் குழாய் வைத்துக் கேட்பது போல.

கதவு நிலைக்குப் பக்கத்தில் சத்தம் நின்றது.

"அங்க நிக்குது பாரு" என்றார் அம்மா மெதுவாக. "நிலையைப் புடிச்சுட்டு நிக்குது. அடுப்புலருந்து அங்க வர்றதுக்குள்ள உசுரே போயிரும். பதினொரு வருசமா அங்க நின்னு மூச்சு வாங்கிட்டுத்தான் உங்களுக்குச் சோறு கொண்டாந்தேன். நீங்க டிவி பார்த்துட்டு இருப்பீங்க."

எங்களுக்குத் தெரியாது, மோனிஷா. நொண்டுவதுதான் தெரியும். அங்கே நிற்பது தெரியாது.

"வலிக்குதுங்களாம்மா?" என்று கேட்டேன்.

"அதுக்கு வலிக்குது. ரொம்ப வலிக்குது." அம்மா தன் காலைக் குனிந்து பார்த்தார். அதைப் பார்த்தே பல நாள் ஆகியிருந்தது. "எனக்கு வலிக்கலை" என்றார்.

பிறகு அந்தக் காலைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். விரல்களை. பிறகு பாதத்தை. பிறகு பாரத்தை. வாக்கரைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்த அவசரத்தில் அதைச் சுவரில் இடித்தேன். அம்மா எழுந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு அடி. இடது கால் இழுபடவில்லை. தூக்கி வைத்தார், தூக்கி வைத்தார். அந்தச் சத்தத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. கதவு நிலை வந்ததும் நின்றார்.

"கொஞ்சம் ஒதுங்கு" என்றார். என்னிடம் சொல்லவில்லை. நான் பின்னால் இருந்தேன்.

நிலைக்கு அருகே ஒரு சர்ர். அம்மா உள்ளே போனார். தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். வேர்த்துக் கொட்டியிருந்தது. தையல் போட்ட இடத்தில் இழுக்கிறது, தொடையெல்லாம் ஓய்ந்துவிட்டது, ஆனால் மூட்டில் வலி இல்லை என்றார். இவை அவருடைய வார்த்தைகள்.

உன் அம்மாவுக்கு அவர் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ராமுத்தாய், வலியோடதான் நடக்குது. வலியை அது எடுத்துட்டுப் போயிருச்சு. சத்தம் கேட்டா கேக்கட்டும். ஒப்புப் போட்டுட்டு வாங்க. 25ஆந் தேதி நான் ஆஸ்பத்திரில இருப்பேன், நடந்து வர்றேன்."

இதை எழுதும்போது மணி ஏழேகால். அத்தா இன்னும் கடையிலிருந்து வரவில்லை. அம்மா முன்னறையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, காலை முக்காலி மேல் வைத்துக்கொண்டு கோதுமையில் கல் பொறுக்குகிறார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

உறையில் முகவரி எழுதி முடித்து, ஒட்டுவதற்கு முன் இதையும் சேர்க்கிறேன். இப்போது சமையலறையில் சத்தம் கேட்டது. தொட்டிப் பக்கமிருந்து மெதுவாக வந்தது. நிலையருகே வழக்கத்தை விட அதிக நேரம் நின்றது. அம்மா கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"பாத்திரமெல்லாம் கழுவி முடிஞ்சுதாட்ட. நானும் இந்நேரந்தான் முடிப்பேன்" என்றார் அம்மா.

7:21. சுவிட்ச் தட்டும் சத்தம். சமையலறை விளக்கு அணைக்கப்பட்டது.

ஷஹ்லா